அட்டவணை ஏழு

சனிக்கிழமை, திருநெல்வேலி.
பையை வாசலில் கொடுத்து இலக்கத்தகடு வாங்கி
பென்சிலும் கொப்பியுமாய் உள்ளே போகிறேன்.
நாற்பத்து மூன்று வயதில் மாணவர் அட்டை;
படத்திலிருப்பவள் என்னைவிடக் கவலையாக இருக்கிறாள்.

தேடுவது ஓர் எண்.
கைதடி, கிணறு பதினாலு,
அறுபது வருடத்துக்கு முந்திய ஒரு பங்குனியின் அளவு:
லீற்றருக்கு எழுநூற்றிருபது மில்லிகிராம் குளோரைட்.
எல்லாரும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.
இந்தப் பங்குனியில் அதே கிணற்றில் நான் அள்ளியது
எழுநூற்று நாற்பது.
"அப்ப உப்பு பழசு," என்றார் மேற்பார்வையாளர்,
"ஆரிலயும் பிழையில்லை."
நல்லது. அடிக்குறிப்புக்கு மூலம் மட்டும்தான் பாக்கி.

'கிணறு' என்று தட்டினேன். மூன்று நூல்கள்,
ஒன்று சிறுவர் கதை.
'நிலத்தடி நீர்': பதினொன்று.
உவர்நீர், உப்புநீர், சவர்
ஒரே தண்ணீர்;
பெயருக்கொரு றாக்கையில் தனித்தனியே குடியிருக்கிறது.
யாழ்ப்பாணத்தை ஆங்கில எழுத்தில் ஐந்து விதமாய் அடித்தேன்,
ஐந்தாவதுக்குத்தான் கதவு திறந்தது.

கட்டுரை இன்னொரு கட்டுரையைக் கைகாட்டியது,
அது ஒரு கருத்தரங்குத் தொகுப்பை,
தொகுப்பு ஓர் ஆய்வேட்டை.
ஆய்வேடு 'மேற்படி' என்றது.
எதற்கு மேற்படி என்று அறிய
இரண்டு சனிக்கிழமை போயிற்று.
ஏழு பேர். ஏழு உசாத்துணைப் பட்டியல்.
ஏழிலும் 'குடாநாட்டுக் கிணறுகள்'
'கூடாநாட்டுக் கிணறுகள்' ஆகியிருந்தது.
ஒரு கால் கூடின அந்த எழுத்து
உறுதிக்காணி போலக் கைமாறி வந்திருந்தது.
அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது:
இவர்களில் ஒருவரும் அறிக்கையைக் கண்ணால் கண்டதில்லை.

அன்று மேசையில் யதுர்சன்,
ஒரு காதில் பாட்டு, மறு காதில் நான்.
"கொம்பியூட்டரில இல்லையெண்டா
ஏத்தேல்லையெண்டும் இருக்கலாம், அக்கா."
மாடிப்படிக்குக் கீழே பழைய அட்டை லாச்சிகள்,
மேலே பழுதான அச்சுப்பொறி ஒன்று.
இருவருமாய்த் தூக்கி இறக்கினோம்; அவனுக்கு விரல் நசிந்தது.
'கு' லாச்சி பாதியில் இறுகி நின்று
பிறகு ஒரேயடியாய் மடியில் விழுந்தது.
தட்டச்சு அட்டை. மூலையில் யாரோ பென்சிலால்:
பெட்டி 22, கட்டப்படாதது.

கட்டப்படாததுதான். துருப்பிடித்த குண்டூசி ஒன்று
அவ்வளவு காலத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தது.
பக்கம் நாற்பத்தொன்று, அட்டவணை ஏழு.
அடிமட்டத்தை வைத்து வரிசையாய் இறங்கினேன்
பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு.

இருநூற்றெழுபது.

அடிமட்டத்தைத் திருப்பி வைத்தேன்.
இருநூற்றெழுபது.
யாரோ ஒருவர் கையில் இரண்டும் ஏழும் இடம் மாற
மற்றவர்கள் அதைப் பார்த்தெழுதியிருக்கிறார்கள்.
மூன்றாமவர் என் மேற்பார்வையாளர்.

அப்படியென்றால் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கலாம்.
அப்படியென்றால் உப்பு
எங்கள் காலத்தில்தான் வந்து ஏறியது.
வெங்காயத்துக்கு இரவிரவாய் இறைத்த மோட்டர்களில்
எங்கள் வளவின் இரண்டு குதிரைவலுவும் ஒன்று;
அந்தச் சத்தத்தில்தான் நான் பத்தாம் வகுப்புக்குப் படித்தேன்.

இரவல் தரமாட்டார்கள். பிரதி எடுக்கும் மெஷினில் மை இல்லை.
முப்பத்திரண்டு கிணற்றையும் பென்சிலால் பார்த்தெழுதி
ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் ஒப்பிட்டேன்.
பதினாலில் மூன்று தரம்.
'சேர், அட்டவணை ஏழு தொடர்பாக'
தலைப்போடு நிற்கிறது மின்னஞ்சல், இன்னும் அனுப்பவில்லை.

நாலரைக்கு விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தவன்
நசிந்த விரலை ஊதியபடி கேட்டான்,
"இதை இப்பவே ஏத்திவிடட்டோ? தலைப்பைச் சொல்லுங்கோ."
எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன். குனாவுக்குக் கால் இல்லை.
"தேடுற சொல்லு?"
உவர்நீர், உப்புநீர், சவர், நிலத்தடி நீர்,
யாழ்ப்பாணம் ஐந்து விதமாகவும்.
"அக்கா, இடம் காணாது."
"முதல்ல கிணறு எண்டு போடும்."

அவன் எழும்பிப் போனபின் நானே தட்டிப் பார்த்தேன்.
நான்கு நூல்கள்.
ஒன்று சிறுவர் கதை.